அப்பா சொன்னதாக நான் எழுதிய வரி

மகனே, இதை ரயில் ஏறுவதற்கு முன்னால் படித்துவிடு. ஏறி உட்கார்ந்த பிறகு படித்தாயானால் நடுவழியில் இறங்கவும் முடியாது, நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நீ வியாழக்கிழமை சாயங்காலம் நாக்பூரில் ஏறி வெள்ளிக்கிழமை காலையில் தாதரில் இறங்குகிறாய். போனில் சொல்லிவிடலாம் என்று நேற்றிலிருந்து ஐந்தாறு தடவை எடுத்தேன். உன் பெயரைப் பார்த்ததும் வைத்துவிட்டேன். ஒரு தடவை மணி அடித்துவிட்டது போல, நீயே திருப்பிக் கூப்பிட்டு, "என்னம்மா, மிஸ்டு கால் வந்திருக்கு?" என்று கேட்டாய். "கை பட்டுட்டுடா" என்றேன். அதுவும் பொய்தான். அதனால் காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். காலையிலிருந்து மழை. மேல் மூலையில் ஒழுகுகிறது. வாளி நிரம்பியதா என்று எழுந்து எழுந்து பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ இஞ்சினியரிங்கை விட்டது உன் அப்பாவுக்குத் தெரியாது. ஒரு வருஷமாக நீ மராட்டி இலக்கியம் படிக்கிறாய் என்பதும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ எழுதிப் போனில் அனுப்புவதை நான்தானே அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். நீ எழுதியதை நான் உள்ளபடி படிக்கவில்லை. அவர் சொன்னதை நான் உனக்கு எழுதவுமில்லை. "ஏல, ஒனக்கு எது பிடிக்கோ அதப் படி, நான் இருக்கேன்" என்று போன வருஷம் அப்பா சொன்னதாக எழுதினேனே, அதை அவர் சொல்லவே இல்லை. நானாக எழுதியது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. நானும் குடித்துவிட்டு வருகிறேன்.

அப்பாவின் காது எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் தாராவிக்கு வந்த நாளிலிருந்து எண்ணெய் டின் பட்டறைதான். நெளிந்து வருகிற பழைய டின்னை மெஷினில் கொடுத்து, மிச்ச நெளிவைச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். எத்தனை தட்டு தட்டினார் என்று அவர் எண்ணவில்லை, அவர் காது எண்ணிவிட்டது. இடது காது முழுசாகப் போயிற்று. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் விழும். போனில் வெறும் இரைச்சல்தான் கேட்கிறது என்பார். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டி, "சாப்ட்டியால?" என்று கேட்டுவிட்டு, நீ சொன்ன பதில் காதில் விழாமலே சிரித்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டிவிடுவார். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றவர், பஸ் நம்பருக்கு மேல் எதையும் படிக்க மாட்டார். அதனால்தான் நீ கிளம்பின அன்றைக்கே சொன்னார், "எழுதி அனுப்புல. ஒங்கம்மா படிக்கட்டும், நான் கேட்டுக்கிடுதேன்" என்று. நம் சந்தில் உன் வயதுப் பிள்ளைகள் வாயைத் திறந்தால் இந்திதான் வரும், தமிழ் எழுத்தைக் காட்டினால் முழிப்பார்கள். உன்னை மட்டும் நான் காதைத் திருகி உட்காரவைத்துத் தமிழ் எழுதப் பழக்கினேன். என் பிள்ளை கடிதம் எழுதுவான், நான் படிப்பேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

நம் வீட்டில் கடிதம் படிப்பது என்றால் என்ன என்று நீ யோசித்துப் பார்த்திருக்க மாட்டாய். பத்துக்குப் பன்னிரண்டு அறை. அந்தப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் சுண்ணாம்பு உதிரும். எதிர் வாசல் பேச்சி அக்காவுக்கும் நமக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான். சந்தில் பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள், இங்கே ஒருவர் இருமினால் அங்கே கஷாயம் வைக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடிந்ததும் அப்பா வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவார். நான் தொண்டை கிழியப் படிப்பேன். அவருக்குக் கேட்கிற மாதிரி படித்தால் சந்து முழுக்கக் கேட்கும்.

நீ போன இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தாய். "ம்மா, இங்க எனக்கு எதுவுமே புரியல. கிளாஸ்ல உக்காந்தா மூச்சு முட்டுது. திரும்பி வந்துரலாமான்னு இருக்கு. அப்பாட்ட சொல்லுங்க." நான் முதலில் மனசுக்குள் படித்துப் பார்க்கவில்லை. "ம்மா, இங்க எனக்கு" என்று கத்தின பிறகுதான் அடுத்த வார்த்தை கண்ணில் பட்டது. எதிரே பேச்சி அக்கா வாசலில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. அப்பா காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். "இங்க எனக்கு நல்லா இருக்கு, பாடம்லாம் புரியுது" என்று கத்தினேன். பேச்சி அக்கா கொத்தவரங்காயை மறுபடி கிள்ள ஆரம்பித்தாள். மற்றதை அப்பாவிடம் தனியாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவரிடம் தனியாக எப்படிச் சொல்வது? ரகசியம் என்று ஒன்று அவர் காதுக்குப் போய்ச் சேராது. தாதர் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. ஒரு வாரம் தள்ளினேன். அடுத்த வாரம் நீ வேறு எதையோ எழுதினாய்.

இதற்கு முன்னாலும் நான் ஒரு கடிதத்தை மாற்றிப் படித்திருக்கிறேன். கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்த புதிது. பேச்சி அக்காவுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் என்னிடம் கொண்டுவந்தாள். அவள் அம்மா இறந்துவிட்டதாக இருந்தது. நான் "அம்மாவுக்கு ரொம்ப முடியல, உடனே புறப்பட்டு வரவும்" என்று படித்தேன். நம்மவர்கள் எல்லோரும் செய்கிறதுதான். சாவுச் செய்தியைக் கையில் கொடுத்து இரண்டு நாள் ரயிலில் யாரை உட்காரவைப்பது? காரியம் முடிந்து திரும்பி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள, நீ சொல்லலட்டி" என்றாள். சந்தே என்னைப் புத்திசாலி என்றது. அன்றைக்குக் கெட்டுப்போனவள்தான் நான்.

உன் கடிதத்தையும் அப்படி மாற்றிப் படித்த பிறகு எனக்கு அது ஒரு ருசியாகவே ஆகிவிட்டது. நீ இரண்டு வரி எழுதினால் நான் பத்து வரி படித்தேன். உனக்கு ஒரு வாத்தியாரை உண்டாக்கினேன். உன்மேல் உயிராக இருக்கிற, வயசான, நல்ல வாத்தியார். அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு வாரமும், "அந்த வாத்தியாருக்கு மூட்டுவலி கொறஞ்சிட்டாமா?" என்று கேட்பார். மூட்டுவலியும் நான் கொடுத்ததுதான். தை மாதம் உனக்கு ஒரு டப்பா முறுக்கு வந்ததே, "எதுக்கும்மா இவ்வளவு?" என்று கேட்டாயே, அது உனக்காகச் செய்ததில்லை. இல்லாத வாத்தியாருக்கு உன் அப்பா சொல்லிச் செய்தது. எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

போன ஜூலையில்தான் நீ அந்தப் பெரிய கடிதத்தை எழுதினாய். இஞ்சினியரிங்கை விட்டுவிட்டேன், பி.ஏ. மராட்டியில் சேர்ந்துவிட்டேன், காலையில் ஒரு பேப்பர் கடையில் வேலை, மராட்டி வாத்தியாராகப் போகிறேன், அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். நான், "ரெண்டாம் வருஷம் ஆரம்பிச்சிட்டு" என்று படித்தேன். அப்பா சந்தோஷமாகப் பதில் சொன்னார். பட்டறை மெஷினைப் பற்றித்தான் முழுக்கச் சொன்னார். அது போடுகிற சத்தத்தைக் குறைக்க ஏதாவது வழி உண்டா என்று வாத்தியாரிடம் கேட்கச் சொன்னார். "எனக்குப் போனது போச்சு. அங்க இன்னும் பதினோரு பேரு நிக்கானுவ" என்றார். அதை எழுதாமல் உனக்கு அந்த வரியை எழுதினேன். உன் அப்பாவைப் போலப் பேச எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். 'ஏல' போட்டு ஆரம்பித்து, 'நான் இருக்கேன்' என்று முடித்தேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. இவர் இப்படி ஒரு தடவையாவது பேசியிருக்கலாமே என்று தோன்றியது.

வேறு படிப்பாக இருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. மராட்டி என்றதும் பழைய ஒரு நாள் ஞாபகம் வந்துவிட்டது. நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் அப்பா ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறார். பின்னால் நின்ற ஒருத்தன் மராட்டியில் ஏதோ கேட்டான். இவருக்குத் தெரிந்த இந்தியில் பதில் சொன்னார். அவன் இவர் கையிலிருந்த கார்டைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டான். வரிசையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இவர் குனிந்து எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவி, ஸ்டவ் பக்கத்தில் வைத்துக் காயவைத்தார். நீ பிறந்த பிறகு, இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அவர் மகன் அந்தப் பாஷையையே படித்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே சொல்லித்தரப் போகிறான் என்று நான் எந்த வாயால் கத்துவது? எனக்கு அதில் பெருமைதான். அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சார்பில் நானே தீர்மானம் செய்துவிட்டேன்.

அப்பா ஒத்துக்கொண்டார் என்று நம்பியும், பாதியில் விட்ட வெட்கத்தில் நீ ஒரு வருஷமாக வீட்டுக்கு வரவில்லை. தீபாவளிக்குப் பரீட்சை என்றாய், மே மாதம் கடை வேலை என்றாய். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பெற்ற பிள்ளை வரவில்லையே என்று ஏங்காமல், நல்லவேளை வரவில்லை என்று மூச்சுவிட்டவள் நான். போன ஞாயிற்றுக்கிழமை எழுதினாய், "வெள்ளிக்கிழமை வாரேன்மா. அப்பா அன்னைக்கு சொன்ன அந்த ஒரு வரிய வச்சித்தான் இந்த வருஷத்த ஓட்டுனேன். வந்ததும் அப்பா கையப் புடிச்சி அதச் சொல்லணும்" என்று. நான் அவருக்கு, "வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்பதை மட்டும் படித்தேன். ஒரு வருஷத்தில் நான் ஒழுங்காகப் படித்த வரி அது ஒன்றுதான். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை பட்டறைக்குப் போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அரை மணி நேரம் மெஷினை நிறுத்தச் சம்மதம் வாங்கியிருக்கிறார். தாதரிலிருந்து உன்னை நேரே அங்கே கூட்டிக்கொண்டு போவாராம். "எம்மவன் பாத்துச் சொல்லுவான்" என்று அந்தப் பதினோரு பேரிடமும் சொல்லியாயிற்று. நீ அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லப் போகிறாய். அவர் உன்னை மெஷின் முன்னால் நிறுத்தப் போகிறார்.

உன்னையும் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். "அப்பாட்ட சொல்லிருங்கம்மா" என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறாய். நாக்பூர் ஒரு ராத்திரிப் பயணம்தானே. வந்து, அந்த வலது காதில் நீயே ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா? நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், பிள்ளைகள் வரும். மனசில் இருப்பதை யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாதே. கொண்டுபோகிறவர்கள் கெட்டவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. உன்மேல் ஆசை உள்ளவர்களாக இருந்தால் இன்னும் மோசம், வழியிலேயே அதற்குச் சர்க்கரை போட்டுவிடுவார்கள். நீயும் யாருக்காவது எதையாவது படித்துச் சொல்லும்படி ஆனால் உள்ளதைப் படி. அழுதால் அழட்டும். பக்கத்தில் உட்கார்ந்துகொள். எனக்கு அப்படிப் பக்கத்தில் உட்காருகிற தைரியம்தான் இல்லாமல் போயிற்று.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பிவிட்டு, நீ வந்து ஏதாவது சமாளி என்று உன் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது இன்னொரு திருட்டு என்று படுகிறது. நாளைக்கு அப்பாவுக்கு லீவு, பட்டறையில் தண்ணீர் ஏறிவிட்டதாம். இதை முதலில் அவருக்குப் படிக்கிறேன். பிறகு உனக்கு அனுப்புகிறேன். வாளி நிரம்பிவிட்டது, போகிறேன்.

புதன்கிழமை.

காலையில் டீ குடித்து முடித்ததும் அவரை உட்காரவைத்துப் படித்தேன். உன் கடிதம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே காதைக் கொடுத்தார். இரண்டாம் பத்தியில் சிரிப்பு போயிற்று. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி என் வாய் வேறு எதையாவது சொல்லிவிடும் என்று பயம். ரேஷன் கார்டு வந்த இடத்தையும் விடாமல் கத்தினேன். சந்தில் குக்கர் சத்தம்கூட இல்லை. முடிந்ததும், "அம்புட்டுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சாக்கடையைத் தாண்டிப் போய்ப் பேச்சி அக்காவிடம் நீட்டினார்.

"நீ படி. இவ படிச்சது எனக்கு வேண்டாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக அவர் காதில் கத்தினாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. குடை பிடித்துக்கொண்டு பாதிச் சந்து வாசலில் நின்றது. யாரையும் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அம்மா செத்த இடம் வந்தபோது அக்கா நிறுத்தினாள். என்னைப் பார்த்து, சத்தம் இல்லாமல் சொன்னாள்.

"நல்லவேள சொல்லலன்னு சொன்னேன், நெசந்தான். ஆனா வழியில எறங்கி அம்மைக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன்ட்டி. ரெண்டு கிலோ. அத எங்க வைக்கன்னு தெரியாம வாசல்ல நின்னேன்."

இத்தனை வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

படித்து முடித்ததும் அப்பா காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. "வாத்தியாரும் இல்லையா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஏளா, எழுது" என்றார். எழுதினேன். எழுதியதைப் பேச்சி அக்கா வாங்கி அவருக்குப் படித்துக் காட்டி, சரிதான் என்று அவர் தலையாட்டிய பிறகுதான் இதைப் போட்டோ எடுக்கிறேன். அவர் சொன்னது இது:

"ஏல, ஒங்கம்மா படிச்சதும் பேச்சி படிச்சதும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. அதனால நம்புதேன். ஒனக்குப் பிடிச்சதப் படின்னு நான் சொல்லல. போன வருஷம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல. கோவத்துல என்னமும் சொல்லியிருப்பேன். மெஷின் விஷயத்த முதலாளிட்ட நான் சொல்லிக்கிடுதேன், அது ஒன் பாடு இல்ல. வெள்ளிக்கிழம தாதருக்கு நான் மட்டும் வாரேன். ஒங்கம்மா வர மாட்டா. நீ எறங்கி வந்து, என்ன படிக்க, எதுக்குப் படிக்க, எல்லாத்தையும் என் வலது காதுல ஒன் வாயால சொல்லு. கூட்டமா இருக்கும், அதப் பாக்காத. நல்லா கத்திச் சொல்லு. நான் என்ன சொல்லப் போறேன்னு எனக்கே இன்னும் தெரியல. நல்லதோ கெட்டதோ, அத நீயே கேட்டுக்க."